பாட்டி இறங்கப் போகும் குளம் சுத்தமா?

காவிரியின் கடைமடையில், காரைக்கால் மாவட்டத்தில் இருக்கும் விழிதியூரில் குளம், வாய்க்கால், படித்துறை எதுவும் யாருக்கும் புதிதில்லை. புதிதாக இருப்பது, முழங்கால் தேய்ந்துபோன பாட்டியிடம் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் ஒரு வார்த்தை: ‘ஹைட்ரோதெரபி’. "வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள நின்னு பயிற்சி பண்ணுங்க, வலி தெரியாது" என்கிறார்கள். பெரிய ஊர்களில் இருக்கும் மகனோ மகளோ, பாட்டியை வரவழைத்து மறுவாழ்வு மையத்தில் சேர்க்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

முதலில், அந்தக் குளத்தில் அப்படி என்ன இருக்கிறது?

தண்ணீர் உடம்பைத் தாங்கும். 60 கிலோ எடையுள்ளவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் இறங்குவது ஏறக்குறைய 30 கிலோதான். நெஞ்சளவு என்றால் 20 கிலோ போல. கழுத்தளவு என்றால் 6 கிலோவுக்குப் பக்கம். தரையில் நான்கு அடி வைக்க முடியாதவர் தண்ணீருக்குள் நாற்பது அடி நடப்பது இதனால்தான். சாதாரண நீச்சல் குளம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ். சிகிச்சைக் குளம் 33 முதல் 35 டிகிரி வரை. அந்தச் சூட்டில் இறுகிய தசை தளர்கிறது. பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை, குழந்தைகளின் பெருமூளை வாதம் என்று பலருக்கும் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

இதை உலகறியச் செய்தவர் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921-ல், 39 வயதில், அவருடைய கால்கள் செயலிழந்தன. 1924-ல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போய், அங்கே இயற்கையாகவே வெதுவெதுப்பாக ஊறும் தண்ணீரில் இறங்கினார். கால் முழுதாகக் குணமாகவில்லை. ஆனால் தண்ணீருக்குள் நிற்க முடிந்தது. அந்த இடத்தையே விலைக்கு வாங்கி, 1927-ல் போலியோ நோயாளிகளுக்கான அறக்கட்டளை தொடங்கினார்.

நம் ஊரில் ‘நீர் சிகிச்சை’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இயற்கை மருத்துவத்தின் இடுப்புக் குளியல். ஜெர்மானியர் லூயிஸ் கூனேயின் முறையைக் காந்தி விடாமல் பின்பற்றியதால் இங்கே பரவியது அது. ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இடுப்புக் குளியல் தொட்டியில் ஒருவர் குளித்ததும் தண்ணீரைக் கொட்டிவிடலாம். சிகிச்சைக் குளத்தில் காலை முதல் மாலை வரை அதே தண்ணீரில்தான் அத்தனை பேரும் இறங்குகிறார்கள். அதுவும் வெதுவெதுப்பான தண்ணீரில்.

மனித உடம்புக்கு இதமான சூடு கிருமிகளுக்கும் இதம்தான்.

1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவென்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. பூக்களோடு வீட்டுச் சாமான்களும் விற்பனைக்கு. அதில் சுடுதண்ணீர் சுழலும் குளியல் தொட்டி ஒன்றைக் காட்சிக்கு ஓடவிட்டிருந்தார்கள். யாரும் அதில் இறங்கவில்லை, பக்கத்தில் நடந்து போனார்கள், அவ்வளவுதான். தண்ணீரில் வளர்ந்திருந்த லெஜியோனெல்லா பாக்டீரியா, காற்றில் பறந்த நுண்துளிகளோடு மூச்சில் ஏறியது. ஏறக்குறைய 200 பேருக்கு நிமோனியா. 32 பேர் இறந்துபோனார்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீர் இந்தக் கிருமிக்குப் பிடித்தமானது. சிகிச்சைக் குளம் அதன் நட்ட நடுவில் இருக்கிறது.

அடுத்தது நமக்குப் பக்கத்து மாநிலம். 2024 மே முதல் ஜூலைக்குள் கேரளத்தில் மூன்று சிறார்கள் அமீபா மூளைக்காய்ச்சலால் இறந்தார்கள். ‘நெக்லேரியா ஃபவுலேரி’ எனப்படும் இந்த அமீபா, வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. தண்ணீரைக் குடித்தால் வராது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் தொற்றாது. மூக்கு வழியாக ஏறி மூளைக்குப் போகிறது, தாக்கிவிட்டால் பிழைப்பவர் மிக அரிது. அதே ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன், நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்ததால் உயிர் பிழைத்தான். தமிழகப் பொது சுகாதாரத் துறையும் அப்போது நீச்சல் குளங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. 2025 ஆகஸ்ட் இறுதியில் கேரள அரசு ‘ஜலமாணு ஜீவன்’ என்ற பெயரில் கிணறு, தொட்டிகளில் குளோரின் போடும் இயக்கத்தையே நடத்தியது.

பயப்பட வேண்டாம். குளோரின் அளவாக இருக்கும் தண்ணீரில் இந்த அமீபா தாக்குப்பிடிக்காது. சிகிச்சைக் குளத்தில் பெரும்பாலான பயிற்சிகளுக்குத் தலை தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். அப்படியானால் கேள்வி ஒன்றுதான்: அந்தக் குளத்தில் குளோரின் அளவாக இருக்கிறதா?

மூக்கை நம்பாதீர்கள். "உள்ளே போனதும் குளோரின் வாடை தூக்குது, நல்லா மருந்து போட்டிருக்காங்க" என்று திருப்தியோடு சொல்பவர்கள் உண்டு. நிலைமை நேர் எதிர். நல்ல குளத்தில் வாடை குறைவாகவே இருக்கும். வியர்வை, சிறுநீர் இவற்றோடு குளோரின் சேர்ந்து ‘குளோரமைன்’ ஆகும்போதுதான் அந்த நெடி. கண் எரிச்சலும் இருமலும் அதனால்தான். அங்கே குளோரின் வேலை செய்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம் கவனிக்கத்தக்கது. குடிநீர்த் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் ‘குளோரோஸ்கோப்’ பெட்டியில் சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். அது காட்டுவது மொத்தக் குளோரினை, அதாவது தீர்ந்துபோனதையும் சேர்த்து. குளத்துக்குத் தேவை, இன்னும் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின் எவ்வளவு என்பது. அதற்கு ‘டி.பி.டி’ மாத்திரை உண்டு, தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். குழாயில் வரும் குடிநீருக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் போதும். நீச்சல் குளத்துக்குக் குறைந்தது 1. வெதுவெதுப்பான குளத்துக்கு 2 முதல் 3 வரை வைத்திருப்பது நல்லது. சூட்டில் குளோரின் வேகமாகத் தீரும் என்பதால் காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு விடக் கூடாது. ஆட்கள் இறங்கும் நாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

கூடவே பி.ஹெச் அளவு 7.2 முதல் 7.8-க்குள். அது 8-ஐத் தாண்டினால் எவ்வளவு குளோரின் போட்டாலும் பாதிக்கு மேல் சோம்பேறியாகக் கிடக்கும்.

சிறிய மையங்கள் பிளீச்சிங் பவுடரையே நம்புகின்றன. கணக்கு சுலபம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 24,000 லிட்டர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்ற 24 கிராம் குளோரின் வேண்டும். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் 72 கிராம் பவுடர். ‘நல்ல பவுடர்’ என்பதில்தான் சிக்கல். காரைக்கால் போன்ற கடலோர ஊரின் ஈரக்காற்றில் வாய் திறந்த மூட்டை சீக்கிரமே வீரியம் இழக்கும். பவுடரை நேரடியாகக் குளத்தில் தூவக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும், ஆள் இல்லாத நேரத்தில் ஊற்ற வேண்டும். பி.ஹெச் குறைக்க வைத்திருக்கும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் வைப்பது, ஒரே வாளியைப் பயன்படுத்துவது இரண்டும் ஆபத்து. சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசிய அதே வாயு.

இனி நம் பக்கத்துத் தவறு.

வலிக்கு என்று முழங்காலில் தைலம், தலையில் நல்லெண்ணெய், முகத்தில் மஞ்சள், நெற்றியில் விபூதி. பாட்டி இப்படியேதான் இறங்குவார். எண்ணெய் குளோரினைத் தின்னும், வடிகட்டியின் மணலைப் பிசுபிசுப்பாக்கும். கோயில் குளத்தில் முங்குவது போல ‘இறங்கினால் சுத்தமாகிவிடும்’ என்ற பழக்கத்தை இங்கே வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இறங்கும் முன் சோப்புப் போட்டு ஒரு குளியல், கழிவறைக்கு ஒரு நடை. இரண்டும் செய்தால் குளத்தின் பாதி வேலை மிச்சம். பெரியவர்களிடம் இதைச் சொல்லத் தயங்கும் ஊழியர்களையும் குறை சொல்ல முடியாது. வீட்டு ஆட்கள்தான் முன்பே பேசி வைக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு இருந்தால் கண்டிப்பாக இறங்கக் கூடாது. ‘கிரிப்டோஸ்போரிடியம்’ என்ற ஒட்டுண்ணி சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஆறாத புண், காய்ச்சல், கட்டுக்குள் வராத வலிப்பு, மூச்சு வாங்கும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டர் ஒப்புதல் இல்லாமல் இறங்கக் கூடாது. கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது கால்களிலிருந்து 700 மில்லி அளவுக்கு ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. பலவீனமான இதயத்துக்கு அது பெரிய சுமை. வெளியே வரும்போது அதே ரத்தம் சட்டென்று கீழே இறங்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றுவது இந்த இடத்தில்தான். விழுவதும் பெரும்பாலும் படியில்தான், தண்ணீருக்குள் அல்ல. முதல் நாள் 10 நிமிடம், பழகிய பிறகும் 20, 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஏறியதும் நாற்காலியில் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்ட கையோடு சுடுதண்ணீரில் இறங்கினால் மருந்து வேகமாக ரத்தத்தில் கலக்கும், சர்க்கரை இறங்கிவிடும். பாதம் மரத்துப்போனவர்கள் தரை ஓட்டில் உரசிய காயத்தை உணரவே மாட்டார்கள். ஏறியதும் யாராவது ஒருவர் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இன்னொன்று. நீண்ட தலைமுடி. குளத்தின் அடியில் தண்ணீரை இழுக்கும் துவாரத்தின் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால், முடியும் துணியும் அதில் சிக்கும். அமெரிக்காவில் 2002-ல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி இப்படித்தான் இறந்தாள். உறிஞ்சும் விசையில் மாட்டிக்கொண்டவளை மீட்கப் பெரியவர்கள் இழுக்க வேண்டியிருந்தது. அவள் பெயரிலேயே 2007-ல் ஒரு சட்டம் வந்தது. கொண்டை போட்டு, மேலே தொப்பி. நைட்டியும் சேலையும் வேண்டாம், உடம்போடு ஒட்டிய துணி போதும்.

தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம் இது. கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, பம்பை நிறுத்தும் அவசரப் பொத்தான் எங்கே என்று கேட்பதில் தவறில்லை. கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்பதும் டெல்டாக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப் பம்ப் நின்றுபோன வெதுவெதுப்பான குளம் ஒரே நாளில் கிருமித் தொட்டியாகிவிடும். கரண்ட் வந்ததும் ஸ்விட்சைப் போட்டு ஆட்களை இறக்கக் கூடாது. வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவி, குளோரினைக் கூட்டி, அளவு நிலைத்த பிறகே திறக்க வேண்டும். வெள்ள நீர் புகுந்த குளம் என்றால் முழுதாக வடித்துத் தேய்த்துக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

சேரும் முன் ஒரு தடவை குளத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆழமான மூலையில் அடித்தரை தெளிவாகத் தெரிகிறதா, நீர்மட்டத்து ஓடுகளில் வழவழப்பான படலம் இருக்கிறதா, இன்றைய குளோரின் அளவு எழுதிய பலகை எங்கே? பலகை இல்லை, நோட்டும் இல்லை, "தினமும் பார்க்கிறோம் சார்" என்று மட்டும் பதில் வந்தால் வேறு மையம் தேடுவதே நல்லது. நோயாளியோடு தண்ணீரில் ஒருவர், கரையில் ஒருவர் என்று இரண்டு பேர் இருக்க வேண்டும். மயங்கியவரை எப்படித் தூக்குவார்கள் என்று கேட்டால் செய்து காட்டத் தெரிய வேண்டும்.

பக்கத்தில் எந்த மையமும் இல்லை என்பதற்காக ஊர்க்குளத்தில் இறங்கிப் பயிற்சி செய்யலாமா? பாசி பிடித்த படி, தெரியாத ஆழம், குளோரின் இல்லாத நீர். முழங்கால் வலிக்காரருக்கு இது சரிவராது. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தண்ணீர்ப் பயிற்சி பற்றி நடந்த ஆய்வுகளை 2016-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. வலி குறைகிறது, ஆனால் கொஞ்சம்தான், சில காலத்துக்குத்தான் என்பதே முடிவு. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சி, பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும். குளத்துக்குப் போக முடியாத பாட்டி எதையும் பெரிதாக இழந்துவிடவில்லை.