நான் நடத்தாமல் விட்ட பாடம்

இதைப் படித்துவிட்டு "சாருக்கு இந்த வயசுல என்ன ஆச்சு?" என்று சிலர் நினைப்பீர்கள். பரவாயில்லை.

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவப் பாடம் வந்தால், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவியவன் நான். போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஐம்பதை நெருங்குகிறான். அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான். விறைப்புக் குறைவு. மருந்துக் கடையில் அவனாகவே வாங்கிப் போட்ட மாத்திரை கேட்கவில்லை. பிறகு, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் லேகியத்துக்கு நாற்பதாயிரம் கொடுத்திருக்கிறான். "சின்ன வயசுத் தப்பு, நரம்புத் தளர்ச்சி" என்றாராம் அவர். மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசியே பல மாதம் ஆகிறதாம். பெயர் சொல்லாமல் எழுதச் சம்மதித்தான்.

நான் மருத்துவர் அல்ல. படித்துத் தெரிந்துகொண்டதை வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

ஆணுறுப்புக்குள் இருப்பது பஞ்சு போன்ற திசு. அதன் சுவர்களில் மென்தசை இருக்கிறது. கிளர்ச்சி வரும்போது நரம்பு முனைகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும். தசை தளரும், ரத்தம் நிரம்பும். நிரம்பிய பஞ்சு வெளி உறையோடு சேர்த்து சிரைகளை நசுக்குவதால் ரத்தம் உள்ளேயே நிற்கும். நைட்ரிக் ஆக்சைடு உடலில் இப்படிச் செய்தி கடத்துகிறது என்று கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. சில்டெனாஃபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

அந்த மாத்திரை செய்தியை உண்டாக்காது. வந்த செய்தி சீக்கிரம் அழியாமல் காக்கும், அவ்வளவே. கவனிக்காமல் விட்ட சர்க்கரை, புகை, ரத்த அழுத்தம் ஆகியவை பல ஆண்டுகளில் நரம்பையும் குழாயின் உட்சுவரையும் கெடுக்கின்றன. மென்தசை குறைந்து, அந்த இடத்தில் தழும்பில் இருப்பது போன்ற கொலாஜன் நார் சேர்கிறது. பஞ்சு விரியாது, சிரைகள் மூடாது, வந்த ரத்தம் கசிந்துவிடும். வால்டியூப் போன சைக்கிளுக்குக் காற்றடித்த கதைதான். இதில் ஆண்மை எங்கே வந்தது, மானம் எங்கே வந்தது?

மாத்திரை கேட்கவில்லை என்பவர்கள் எல்லோருக்கும் திசு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டவர்களும், ஒரே முறை போட்டுப் பார்த்து விட்டவர்களும் உண்டு. அளவைச் சரிசெய்ய மருத்துவர் வேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். திசு உண்மையாகவே மாறியிருந்தாலும் ஊசி, வெற்றிடக் கருவி என்று வழிகள் இருக்கின்றன. காற்றடைப்பது போல நிரப்பக்கூடிய செயற்கைப் பொருத்தி 1973லேயே வந்துவிட்டது.

எனக்குப் பெரிய கவலை இதயம். அந்த உறுப்பின் ரத்தக் குழாய்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துடையவை மூன்று, நான்கு. அடைப்பு சிறியதில் முதலில் தெரியும். பலருக்கு நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குறை தலைகாட்டுகிறது. லேகியம் விற்கிறவர் இதைச் சொல்வாரா?

அவனைக் கையோடு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். மூன்று மாத சர்க்கரைச் சராசரி பதினொன்று. சர்க்கரை இருப்பதே அவனுக்குத் தெரியாது. வரும் வியாழக்கிழமை இதய மருத்துவரைப் பார்க்கப் போகிறான், மனைவியும் கூட வருகிறாராம்.

கேட்க வேண்டியது இருந்தால் கமெண்டில் வேண்டாம், போன் பண்ணுங்கப்பா. மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.