ஊர் கூடினால் மட்டும் தேர் ஓடுமா?

சதுரங்கம் என்பது இரண்டே மூளைகளுக்கு இடையே நடக்கும் போட்டி என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்த்த ஆட்டம் ஒன்று 2025 ஏப்ரல் 4 அன்று இணையத்தில் தொடங்கியது. ஒரு பக்கம், உலகத் தரவரிசையில் முதலிடம் வகிக்கும் நார்வே நாட்டு கிராண்ட்மாஸ்டர் மாக்னஸ் கார்ல்சன். மறுபக்கம், உலகெங்கிலுமிருந்து 1,43,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்த ‘உலக அணி’. இவர்களில் மிகப் பலர் ஓய்வு நேரத்தில் ஆடும் சாதாரண ஆட்டக்காரர்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் 24 மணி நேரம் வழங்கப்பட்டது. வாக்கெடுப்பில் முதலிடம் பெறும் நகர்வே அணியின் நகர்வாக ஏற்கப்பட்டது. ஆறு வாரங்களுக்குப் பின், மே 19 அன்று, 32ஆம் நகர்வில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

இச்செய்தி கொல்கத்தாவில் பணியாற்றும் எங்களுக்குச் சற்றுக் கூடுதல் சுவை தந்தது. இந்நகரில் நடைபெறும் டாடா ஸ்டீல் சதுரங்கப் போட்டியில் 2019லும் 2024லும் வாகை சூடிச் சென்றவர் கார்ல்சன். அவரைச் சாதாரண மக்கள் தடுத்து நிறுத்திவிட்டார்கள் என்றதும், “பலர் கூடினால் எவரையும் வெல்லலாம்” என்ற பேச்சு எழுந்தது இயல்பே. அந்த முடிவுக்கு வருவதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஏனெனில் அதற்கு முந்தைய ஆண்டில், 2024ல், நம் விஸ்வநாதன் ஆனந்த் ஏறத்தாழ 70,000 பேர் கொண்ட உலக அணியை எதிர்த்து ஆடி வென்றிருக்கிறார். எண்ணிக்கைதான் பலம் என்றால் அந்த எழுபதாயிரம் பேர் தோற்றிருக்கக் கூடாது.

ஒரு சிறுமியின் யோசனை

இத்தகைய ஆட்டங்களுள் மிகவும் புகழ்பெற்றது 1999ல் நடந்தது. அப்போதைய உலகச் சாம்பியன் காரி காஸ்பரோவ் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000க்கும் மேற்பட்டோர் கறுப்புக் காய்களுக்காக வாக்களித்தனர். ஜூன் மாதம் தொடங்கிய ஆட்டம் அக்டோபர் வரை நீடித்தது. உலக அணிக்கு ஆலோசனை கூற நான்கு இளம் ஆட்டக்காரர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களுள் மூத்தவருக்கே வயது இருபதைத் தாண்டவில்லை.

பத்தாம் நகர்வில் ஆட்டம் திசை மாறியது. ஆலோசகர்களில் ஒருவரான பதினைந்து வயது ஐரினா க்ரஷ், அதுவரை பெரும் போட்டிகளில் எவரும் ஆடியிராத ஒரு ராணி நகர்வை முன்வைத்தார். பழகிய பாதையை விட்டு விலகும் துணிச்சலான யோசனை அது. அதை ஏன் ஆட வேண்டும், காஸ்பரோவ் எப்படிப் பதிலளிப்பார், அதற்கு நம் பதில் என்ன என்பதையெல்லாம் அவர் விளக்கினார். வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டனர். அதன்பின் ஆட்டம், உலகச் சாம்பியனே திணறும் அளவுக்குச் சிக்கலாயிற்று. தம் வாழ்நாளில் வேறு எந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று காஸ்பரோவ் பின்னர் கூறினார். இந்த ஓர் ஆட்டத்தைப் பற்றியே டேனியல் கிங் என்பவருடன் சேர்ந்து ஒரு நூலும் எழுதினார்.

அடுத்து வந்த வாரங்களில் உலக அணி இயங்கிய விதம் கவனிக்கத்தக்கது. ஐம்பதாயிரம் பேரும் ஐம்பதாயிரம் விதமாகச் சிந்தித்து வாக்களிக்கவில்லை. ஆர்வமுள்ள சிலர் ஒவ்வொரு கிளைப் பாதையையும் பங்கிட்டுக்கொண்டு ஆராய்ந்தனர். ஒருவர் கண்டதில் மற்றவர் பிழை கண்டார். க்ரஷும் அவருடன் இணைந்து உழைத்தவர்களும் அவற்றைத் திரட்டி ஒழுங்குபடுத்தி, காரணங்களோடு வெளியிட்டனர். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் காரணங்களைப் படித்துவிட்டு முடிவெடுத்தனர்.

முடிவில் அணி தோற்றது. அந்தத் தோல்வியும் பாடம் தருவதே. ராணிகளும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சியிருந்த இறுதிக் கட்டத்தில், 58ஆம் நகர்வின்போது க்ரஷின் பரிந்துரை உரிய நேரத்தில் வாக்காளர்களைச் சென்றடையவில்லை. வழிகாட்டும் விளக்கம் இல்லாமல் வாக்குகள் வேறொரு நகர்வில் குவிந்தன. அதன்பின் மீள வழியில்லை. 62ஆம் நகர்வுக்குப் பின் உலக அணி தோல்வியை ஒப்புக்கொண்டது. கூட்டம் அதே கூட்டம்தான். சிந்தனையைத் தொகுத்துத் தரும் இழை அறுந்தபோது அதன் பலமும் போயிற்று.

வென்ற சிலர்

சாதாரண ஆட்டக்காரர்கள் கிராண்ட்மாஸ்டரை வென்றதே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். வென்றிருக்கிறார்கள். 2006ல் தொடங்கிய ஓர் இணைய ஆட்டத்தில், அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற ஜெர்மானியர் ஆர்னோ நிக்கலை உலக அணி ஒன்று வீழ்த்தியது. கணினியின் துணையை நாடலாம், நகர்வுக்கு நகர்வு நாள் கணக்கில் விவாதிக்கலாம் என்பது அங்கு விதி. ஆனால் அதே முறையில் 2009ல் ஆடியபோது, அஞ்சல்வழிச் சதுரங்க உலகச் சாம்பியனாக விளங்கிய மிகைல் உமான்ஸ்கியிடம் உலக அணி தோற்றது. ஆளும் இருந்தது, கணினியும் இருந்தது; அவை மட்டும் போதவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2005ல் நடந்த ஓர் இணையப் போட்டி. மனிதரும் கணினியும் எப்படி வேண்டுமானாலும் அணி சேரலாம் என்று அறிவிக்கப்பட்ட அப்போட்டியில் கிராண்ட்மாஸ்டர்கள் பலர் கலந்துகொண்டனர். பட்டம் வென்றவர்களோ அமெரிக்காவைச் சேர்ந்த இரண்டு அமெச்சூர் ஆட்டக்காரர்கள். அவர்களிடம் இருந்தவை மூன்று சாதாரணக் கணினிகளே. எந்தக் கணினியிடம் எதைக் கேட்பது, இரண்டு விடைகள் முரண்பட்டால் எப்படித் தீர்ப்பது என்று அவர்கள் நன்கு வகுத்து வைத்திருந்தனர். சிறந்த செயல்முறை இருந்தால் வலுக் குறைந்தவரும் வலியவரை வெல்லலாம் என்பதற்கு காஸ்பரோவே இதைச் சான்றாகக் காட்டி எழுதியிருக்கிறார்.

சென்னையும் கொல்கத்தாவும்

கூடி ஆடுவது இணையம் தந்த புதுமையும் அன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னை நகரமும் ஹைதராபாத் நகரமும் கடிதம் மூலம் இரண்டு சதுரங்க ஆட்டங்கள் ஆடியிருக்கின்றன. அவற்றைத் தாங்கிய நூல் 1829ல் சென்னையில் அச்சிடப்பட்டது. சென்னை அணியின் ஆட்டத்தை முதன்மையாக நடத்தியவர் குலாம் காசிம் என்பதை அந்நூலின் தலைப்புப் பக்கமே தெரிவிக்கிறது. ஆடியது நகரத்தின் பெயரில். ஆயினும் பொறுப்பு ஒருவரிடம் இருந்தது, அவர் பெயரும் வெளிப்படையாக இருந்தது.

கொல்கத்தாவின் சதுரங்க மரபும் பழையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கு வாழ்ந்த மகேஷ் சந்திர பானர்ஜி ஆடிய முறைகளிலிருந்தே ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயர் சதுரங்க உலகில் நிலைத்தது. கோர்க்கி சதனில் இயங்கும் அலெகைன் சதுரங்க மன்றமும், கரியாஹாட் மேம்பாலத்தின் கீழே மாலைதோறும் பலகை விரிக்கும் பெரியவர்களும் அம்மரபின் இன்றைய முகங்கள். இந்நகரின் திப்யேந்து பருவா 1982ல், தம் பதினைந்தாம் வயதில், லண்டனில் ஒரு வங்கியின் பெயரால் நடந்த போட்டியில் விக்டர் கோர்ச்னாயை வென்று உலகை வியக்க வைத்தவர். பின்னர் ஆனந்துக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

இந்நகரைச் சேர்ந்த மற்றொரு கிராண்ட்மாஸ்டர் சூர்ய சேகர் கங்குலியைப் பற்றி இங்குச் சொல்லியாக வேண்டும். 2008ல் பான், 2010ல் சோஃபியா, 2012ல் மாஸ்கோ என மூன்று இடங்களில் ஆனந்த் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக ஆடியபோது, அவருடைய உதவியாளர் குழுவில் கங்குலி இருந்தார். பலகையின் முன் அமர்ந்தவர் ஆனந்த் ஒருவரே. ஆனால் அவர் ஆடிய தொடக்க நகர்வுகளுக்குப் பின்னால் பல இரவுகளின் கூட்டுழைப்பு இருந்தது. ‘அது சரிவராது’ என்று ஆனந்திடமே சொல்லக்கூடியவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். தனி மேதை என்று நாம் போற்றுபவரும் முக்கியமான முடிவுகளைத் தனியே எடுப்பதில்லை.

முட்டுக்கட்டை போடுபவர்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தேரோட்டத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு மற்றொன்றும் தெரியும். வடத்தைப் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், தேர் தெருமுனையில் திரும்புவது சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போடும் சிலரின் கைத்திறத்தால்தான். அவர்கள் இல்லையென்றால், இழுக்கும் கூட்டம் பெருகப் பெருக ஆபத்தும் பெருகும். கூடிச் சிந்திப்பது வேறு, கூட்டமாகச் சாய்வது வேறு என்று நாம் சொல்வது இதனால்தான்.

வங்கித் தொழில் இந்த உண்மையை நீண்ட காலமாகக் கடைப்பிடித்து வருகிறது. கிளையில் பெருந்தொகைப் பரிவர்த்தனை ஒன்றை ஓர் ஊழியர் பதிவு செய்தால், மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும். பெரிய கடன்களைக் குழு பரிசீலிக்கிறது. ‘இரண்டு கையெழுத்து எதற்கு, வீண் தாமதம்தானே’ என்று வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்வது எங்களுக்குத் தெரியும். அந்தத் தாமதமே முட்டுக்கட்டை. 1992ல் நபார்டு வங்கி 500 குழுக்களுடன் தொடங்கிய சுய உதவிக் குழு இணைப்புத் திட்டமும் இவ்வகையில் அமைந்ததே. சொத்துப் பிணை இல்லாத பெண்களுக்கு வங்கிகள் துணிந்து கடன் தந்தது ஆள் எண்ணிக்கையைப் பார்த்து அன்று. குழு தவறாமல் கூடுகிறது, யாருக்கு எதற்காகக் கடன் என்று உறுப்பினர்கள் முன்னிலையில் பேசப்படுகிறது, பேசியது பதிவேட்டில் ஏறுகிறது என்ற நம்பிக்கையே அங்குப் பிணையாக நின்றது.

இன்று நம் வாடிக்கையாளர்களின் சேமிப்புக்கு வந்துள்ள ஆபத்துகள் இரண்டும் இதே இடத்தில்தான் தாக்குகின்றன. ஒன்று, மனிதரைத் தனிமைப்படுத்துவது. ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் மிரட்டுபவர்கள், வீடியோ அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, குடும்பத்தாரிடம் சொல்லக் கூடாது என்றே முதலில் கட்டளையிடுகின்றனர். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. அதைச் சொல்ல அருகில் ஒருவர் இல்லாதபடி பார்த்துக்கொள்வதே அவர்களின் உத்தி. மற்றொன்று, போலிக் கூட்டத்தில் அமிழ்த்துவது. பங்கு முதலீட்டுக் குழு என்ற பெயரில் கைபேசியில் ஒரு குழு தோன்றும். பலர் லாபம் கண்டதாக வாழ்த்துவார்கள். காரணம் கேட்பவர் ஒருவர்கூட அங்கு இருக்கமாட்டார், கேட்டவர் நீக்கப்படுவார். நூறு பேர் ‘ஆம்’ என்று சொல்லும் இடத்தில் ஒருவரும் ‘ஏன்’ என்று கேட்கவில்லையென்றால், அந்த நூறு பேரும் உண்மையானவர்கள்தாமா என்று ஐயுற வேண்டும்.

ஆகவே பெரிய தொகை கைமாறும் முன் மூன்று பழக்கங்களை நம் வாடிக்கையாளர்கள் கைக்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது, ஒரு நாள் இடைவெளி. சதுரங்கத்தில் ஒரு சிப்பாயை நகர்த்தவே 24 மணி நேரம் கொடுக்கிறார்கள். ஆயுட்காலச் சேமிப்பை நகர்த்த பத்து நிமிடம்தான் என்று எவரேனும் நெருக்கினால், அந்த அவசரமே எச்சரிக்கை. இரண்டாவது, காரணம் கேட்பது. ‘எல்லோரும் போடுகிறார்கள்’ என்பது காரணம் ஆகாது. மூன்றாவது, மறுத்துப் பேசக்கூடிய ஒருவரிடம் சொல்வது. அவர் மகளாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். வயது ஒரு பொருட்டன்று. உலகச் சாம்பியனைத் திணறடித்த யோசனை பதினைந்து வயதுச் சிறுமியுடையது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள், கிளைக்கும் தெரிவியுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முறிக்கவோ, முன்பின் அறியாத கணக்குக்குப் பெருந்தொகை அனுப்பவோ நீங்கள் கிளைக்கு வரும்போது, “எதற்காக, யாருக்கு?” என்று எங்கள் அலுவலர் ஒருவர் கேட்கக்கூடும். உங்கள் பணத்தின் மீது எங்களுக்கு உரிமை இருப்பதாக எண்ணிக் கேட்கும் கேள்வி அன்று அது. இரண்டு நிமிடம் அமர்ந்து அவருக்குப் பதில் சொல்லுங்கள். சொல்லத் தடை இருப்பதாக யாரேனும் மிரட்டியிருந்தால், அதை முதலில் சொல்லுங்கள்.