பரம்பரை தீர்ப்பாகாது

“எங்கள் குடும்பத்தில் இது பரம்பரை வியாதி, யார் என்ன செய்ய முடியும்?” என்று நீரிழிவு கண்ட முதியோர் பலர் சொல்லக் கேட்கிறோம். இவ்வார்த்தையில் பாதி உண்மை. மற்றப் பாதி, செய்யவேண்டியதைச் செய்யாதிருப்பதற்குக் கற்பித்துக்கொண்ட சமாதானம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையவர்களென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆராய்ச்சியொன்று 2023-ம் வருஷத்தில் மதிப்பிட்டது. இத்தனை பேரும் விதியென்று கைகட்டி உட்கார்ந்தால் நாட்டின் கதி யாது?

பரம்பரையின் பங்கை எவரும் மறுப்பதற்கில்லை. டி.சி.எஃப்.7எல்2 என்னும் மரபணுவில் காணும் ஒரு மாறுதல் நீரிழிவுக்கு இடந்தருகிறதென்று ஐஸ்லாந்து விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்டனர். அதே வருஷத்தில், அமெரிக்காவில் நீரிழிவு வருந்தறுவாயிலிருந்தோரிடையே நடந்த தடுப்புப் பரீட்சையிலும் இம்மாறுதல் ஆராயப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இதைப் பெற்றவர்களுக்கு அபாயம் மிகுதியென்பது மெய்யாயிற்று. ஆனால், உணவைத் திருத்தி, தேகப்பயிற்சி செய்து, எடையைக் குறைத்தவர்களிடத்தில் அந்த மிகுதி காணப்படவில்லை. அப்பரீட்சையில் இம்முறையால் 60 வயது கடந்தோரிடை நீரிழிவு 71 சதவிகிதம் குறைந்ததென்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே, பரம்பரை நமக்கெதிரான ஒரு சாட்சியமேயன்றித் தீர்ப்பாகாது.

நிற்க. நீரிழிவுடைய முதியோரின் உயிரைப் பெரும்பாலும் கவர்வன ஹிருதய நோயும் பக்கவாதமுமேயாம். முதுமையால் இறுகிவரும் இரத்தக்குழாய்களைச் சர்க்கரையும், இரத்த அழுத்தமும், கொழுப்பும், புகையிலையும் சேர்ந்து கெடுக்கின்றன. நரம்புகள் மந்தப்பட்டுவிடுவதால் மார்வலியே தோன்றாமல் மாரடைப்பு நேருவதுமுண்டு. திடீர் மூச்சுத்திணறலையும் வியர்வையையும் வயதின் தளர்ச்சியென்று வீட்டார் எண்ணிவிட, வைத்தியம் பலிக்கும் காலம் கடந்துபோகிறது.

இந்நிலையில், அநேக குடும்பங்கள் சர்க்கரையின் கணக்கை மட்டும் எழுதிவைத்துத் திருப்தியடைவது தவறு. பிரிட்டனில் நடந்த பெரிய ஆராய்ச்சியொன்று, நீரிழிவுடையோரின் இரத்த அழுத்தத்தைக் கண்டிப்புடன் குறைத்ததால் பக்கவாதம் 44 சதவிகிதம் குறைந்ததென்று 1998-ல் காட்டிற்று. கொழுப்பைக் குறைக்கும் மருந்தினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருந்தீங்குகள் 37 சதவிகிதம் குறைந்ததென்று 2004-ல் மற்றோர் ஆராய்ச்சி கண்டது. சர்க்கரையை மட்டும் அளவுக்கு மீறித் தாழ்த்த முயல்வதோ, முதியோரை மயக்கத்திலும் வீழ்ச்சியிலும் கொண்டுவிடக்கூடும்.

நோயாளிகளின் வீடுதேடி மருந்து வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ல் தொடங்கியது போற்றத்தக்கது. எனினும், வாயிற்படிக்கு வரும் மாத்திரை பாதிக் கடமையே. ஒவ்வொரு முதியவரின் இரத்த அழுத்தமும் கொழுப்பும் காலந்தவறாது பரிசோதிக்கப்பட வேண்டும். குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்புக் கண்டவருண்டா என்று விசாரித்தறிய வேண்டும். இவ்வசதி நகரத்துச் செல்வருக்குப் போலவே கிராமத்து ஏழைக்கும் கிட்டச் செய்வது சர்க்காரின் பொறுப்பு. பெற்றோரின் வியாதியைக் கேட்டறிந்து இன்றே தம்மைப் பரிசோதித்துக்கொள்வது மக்களின் பொறுப்பு. பிறப்பை மாற்ற நம்மால் ஆகாது. பிழைக்கும் வழியை நாடுவது நம் கையிலேதான் இருக்கிறது.