கிறுகிறுப்பு வந்தால் ஈசிஜி



நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே இதய வால்வை மாற்றிக்கொண்டு, சில நாளில் கோவையிலிருந்து வீடு திரும்பும் பெரியவர்கள் இப்போது நம் பகுதியிலும் இருக்கிறார்கள். 'டாவி' என்கிறார்கள். குஜராத்தின் வாபியில் தயாராகும் வால்வுகூட வந்துவிட்டது. பெரிய வரம்தான். ஆனால் நெஞ்சில் தையல் தழும்பு இல்லாததால் வீட்டிலுள்ளவர்கள் சீக்கிரம் அசந்துவிடுகிறோம். என் கவலை அதுதான்.

காலை எட்டரைக்கு மகனும் மருமகளும் தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். வால்வு மாற்றிக்கொண்ட அப்பா தனியாகச் சாப்பிட்டுக் கை கழுவ எழுகிறார். கண்ணைக் கட்டுகிறது, சுவரைப் பிடித்து நிற்கிறார். ராத்திரி சொன்னால், "வெயிலுக்கு அப்படித்தானுங்கப்பா இருக்கும்" என்று படுக்கவைக்கிறோம்.

வெயிலாக இல்லாமலும் இருக்கலாம். இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்பாதை அந்த வால்வை ஒட்டியே ஓடுகிறது. புது வால்வின் உலோகச் சட்டம் அதை அழுத்தினால் துடிப்பு தடைபடும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு பேஸ்மேக்கர் வைக்கவேண்டி வருகிறது. பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிடும். சிலருக்கு வீடு வந்த பிறகுதான். கிறுகிறுப்பு வந்தால் அன்றைக்கே ஈசிஜி எடுங்கள். நினைவு தப்பினாலோ, வாய் கோணிப் பேச்சு குழறினாலோ உடனே 108. தொடை மடிப்பில் வீக்கம், கால் சில்லிடுவது, விடாத காய்ச்சல் இவற்றுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வால்வு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பது முதல் நோயாளியிடமே தெரிந்தது. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் இதய மருத்துவர் அலன் கிரிபியே முதன்முதலாக இந்தச் சிகிச்சையைச் செய்தார். நோயாளிக்கு வயது 57. வால்வு நன்றாக வேலை செய்தது. ஆனால் ரத்தோட்டம் கெட்டிருந்த காலை எடுக்கவேண்டி வந்து, புண் ஆறாமல், 17 வாரத்தில் அவர் இறந்துபோனார். கிரிபியே அதையும் மறைக்காமல் மருத்துவ இதழில் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது.

வீட்டில் இருந்து கவனிக்கலாம் என்றாலோ, பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு லீவு என்றால் அன்றைய கூலி போய்விடும். கம்பெனி நடத்தும் வாசகர்களிடம் கேட்கிறேன்: ஒரு தொழிலாளியின் வீட்டில் இப்படி வால்வு மாற்றிக்கொண்டவர் இருந்தால், அந்தத் தொழிலாளியை முதல் ஒரு மாதமாவது ஒற்றை ஷிப்டோடு அனுப்பிவையுங்கள். பகலில் ஃபோன் வந்தால் மிஷினை விட்டு எழுந்து பேச விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்