ரப்பர் சப்பாத்தே போதும்

முதல்முறை மலையேறப் போகும் பிள்ளைகள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, எந்த பூட்ஸ் வாங்குவது என்பதுதான். கடைக்குப் போகிறார்கள், 400 வெள்ளி, 500 வெள்ளி என்று விலையைப் பார்த்ததும் மலை நமக்குச் சரிப்படாது என்று திரும்பிவிடுகிறார்கள். சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்து, மோட்டார்சைக்கிள் தவணையைக் கட்டி, மீதியில் மாதத்தை ஓட்டும் பிள்ளைகள் அவர்கள். ஒரு ஜோடி சப்பாத்தின் விலை அவர்களை மலையடிவாரத்துக்கே வரவிடாமல் தடுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் நம் நாட்டு மலைகளுக்கு, 20 வெள்ளிக்குள் கிடைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்தே போதும்.

அடிடாஸ் கம்போங் என்று எல்லோரும் அழைக்கும் சப்பாத்தைத்தான் சொல்கிறேன். பெயரில் இருக்கும் நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முழுக்க ரப்பர், அடியில் காற்பந்துச் சப்பாத்தில் இருப்பதுபோல் குமிழ் குமிழாக இருக்கும். சிறு பட்டணத்துப் பலசரக்குக் கடையிலும் பசார் மாலாமிலும் தொங்கும். நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. பால்மரம் வெட்டப் போன என் அம்மா, விடியுமுன் இருட்டில், ஈரப்புல் மண்டிய சரிவில் நிரை நிரையாக நடந்தது இதைப் போட்டுக்கொண்டுதான். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவில் மற்றவர்களின் மூட்டைகளை முதுகில் ஏற்றிச் செல்லும் உள்ளூர்க்காரர்கள் பலர் காலிலும் இதைப் பார்க்கலாம். அந்த மலையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

நம் மலைகளின் தரை அப்படிப்பட்டது. கேமரன் மலையில் குனோங் இராவ் ஏறியவர்களைக் கேளுங்கள். பாசி படர்ந்த வேர்களுக்கிடையே முழங்கால்வரை சேறு. மற்ற மலைகளிலும் மத்தியானத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டால் பாதையே ஓடையாகிவிடும். அந்தச் சேற்றில் குமிழ்கள் பதிந்து பிடிக்கும். குமிழ்களுக்கிடையே அகலமான இடைவெளி இருப்பதால் சேறு அப்பிக்கொள்ளாமல் உதிர்ந்துவிடும். தண்ணீர் புகாது என்று விற்கும் விலையுயர்ந்த பூட்ஸ் குளிர்நாட்டுக்கு நல்லது. இங்கே ஓடையில் முழங்கால்வரை இறங்கினால் தண்ணீர் மேல்வழியாகப் புகுந்துவிடும், புகுந்தது வெளியேறாது. ரப்பர் சப்பாத்துக்குள்ளும் தண்ணீர் புகும்தான். ஆனால் ஊறிக் கனக்க அதில் துணியும் இல்லை, பஞ்சும் இல்லை. கழற்றிக் கவிழ்த்தால் தீர்ந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பலர் அறிந்திருப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அண்ணன் எப்போதோ வாங்கி இரண்டு மூன்று வருடமாக அலமாரியில் வைத்திருக்கும் பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு தம்பி மலைக்கு வருகிறான். பார்க்கப் புதிதுபோல் இருக்கும். பாதி மலையில் அடிப்பாகம் வாயைப் பிளந்து, பிறகு முழுதாகக் கையோடு வந்துவிடும். பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல உடைக்கிறது; சூடும் ஈரமும் கூடக்கூட வேகம் அதிகம். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. போடாமல் பத்திரப்படுத்தினாலும் இது நிற்காது. ஆகவே இரவல் பூட்ஸ், பழைய பூட்ஸ் எதுவானாலும் புறப்படும் முன் கட்டைவிரலால் நடு அடுக்கை அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரே அச்சில் வார்த்த ரப்பர் சப்பாத்தில் ஒட்டும் இல்லை, அடுக்கும் இல்லை; பிரிந்து வர ஒன்றும் இல்லை.

வெறுங்காலில் மட்டும் போடாதீர்கள். ரப்பர் தோலை உரசிக் கொப்புளம் போட்டுவிடும். நீளமான காற்பந்துக் காலுறை வாங்குங்கள். நைலான் கலந்தது நல்லது, பருத்தி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டால் அட்டையும் சுலபத்தில் ஏறாது. சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று விரிந்திருக்கும். அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். கடையில் படி இருந்தால் இறங்கிப் பாருங்கள்: விரல்கள் முன்னால் போய் முட்டக்கூடாது, குதிகால் தூக்கக்கூடாது. கயிறு இல்லாத சப்பாத்து என்பதால், பெரிதாக வாங்கினால் சேறு அதை இழுத்து வைத்துக்கொள்ளும். முதல்நாளே கால்நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். மலை இறங்கிய பிறகு நகம் கறுத்துப்போவது ஏறும்போது நடப்பதல்ல, இறக்கத்தில்தான்.

எல்லோருக்கும் எல்லா இடத்துக்கும் இது ஆகும் என்று நான் சொல்லவில்லை. அடி மெல்லியது, கல்லின் கூர் உள்ளங்காலில் தெரியும். பாங்சூன் வழியாக 1,493 மீட்டர் உயர நுவாங் மலைக்குப் போகிறவர்கள் முதலில் நீண்ட வண்டிப்பாதையைக் கடக்க வேண்டும். அந்தக் கெட்டித் தரையில் இந்தச் சப்பாத்து பாதத்தை நோகடிக்கும். குதிகால் வலி உள்ளவர்கள், கணுக்கால் அடிக்கடி பிசகுகிறவர்கள், கூடாரமும் சமையல் சாமானும் முதுகில் சுமந்து இரவு தங்கப் போகிறவர்கள் ஆழமான பற்கள் கொண்ட நல்ல சப்பாத்துக்குப் பணம் சேர்க்கத்தான் வேண்டும். வழுவழுப்பான ஈரப்பாறையில் எந்தச் சப்பாத்தும் வழுக்கும், இதுவும் வழுக்கும். புக்கிட் தாபூரின் குவார்ட்ஸ் முகட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். உயிர்கள் போன இடம் அது. முதல்முறை போகிறவர்களுக்கு எந்தச் சப்பாத்தோடும் வேண்டாம். குனோங் டத்தோக், குனோங் அங்சி என்று நெகிரி செம்பிலானில் ஆயிரம் மீட்டருக்குக் குறைவான மலைகள் காத்திருக்கின்றன.

சப்பாத்துக்கும் காலுறைக்கும் சேர்த்து 35 வெள்ளி ஆகலாம். மிச்சப்பட்ட பணத்தில் முதலில் ஒரு தலைவிளக்கு வாங்குங்கள், மாற்றுப் பேட்டரியோடு. ஏறும்போது எவ்வளவு திட்டமிட்டாலும் மழை தாமதப்படுத்தும், கூட வந்தவருக்குக் கால் பிடித்துக்கொள்ளும். மரங்களுக்கடியில் ஆறரை மணிக்கே பாதை மறைந்துவிடும். கைப்பேசி விளக்கை நம்பிப் போகாதீர்கள். உதவிக்கு அழைக்க அந்த பேட்டரி தேவைப்படும்; வேரைப் பிடித்து இறங்க இரண்டு கையும் தேவைப்படும்.