தேக்கு யாருக்குரியது?

பூதப்பாண்டி வயல்களில் நின்று வடக்கே நோக்குவோர் காணும் மலைகளே பழையாற்றின் பிறப்பிடம். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல்லும் அம்மலைகளில் பெய்யும் மழையை நம்பியே விளைகின்றன. 1906-ம் வருஷத்தில் பேச்சிப்பாறை அணை முடிவுற்றுக் கோதையாற்று நீரும் நாஞ்சில் நாட்டுக்குக் கிடைத்தபின், மலைவளத்துக்கும் வயல்வளத்துக்கும் உள்ள சம்பந்தம் பின்னும் நெருக்கமாயிற்று. ஆயினும், மரம் வன இலாகாவுக்குரியது, நெல்லே குடியானவனுக்குரியது என்னும் எண்ணம் இன்னும் முற்றும் நீங்கவில்லை. அது வேரூன்றிய விதத்தை அறிந்தாலன்றி அதனைக் களைதல் இயலாது.

இந்நாடு 1956 நவம்பர் 1-ந் தேதிக்கு முன் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அச்சர்க்கார் 1893-ம் வருஷத்தில் வனச்சட்டம் இயற்றிக் காடுகளை ஒதுக்கிக் காத்தனர். வனக் கன்ஸர்வேட்டராயிருந்த போர்டில்லன் என்பார் திருவிதாங்கூர்க் காட்டு மரங்களைப் பற்றி 1908-ல் நூலொன்றும் வெளியிட்டார். காட்டைப் பேணும் அறிவு அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு இவை சான்றாகும். ஆனால் மரவியாபாரத்தின் லாபத்தைக் கருதி, தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவற்றை இராஜ விருட்சங்கள் என வகுத்திருந்தனர். எவருடைய புரையிடத்தில் முளைத்தாலும் அவை சர்க்காருடைமையே.

இதன் பயன் யாது? நிலத்துக்கு வரி செலுத்துபவன் ஒருவன். அந்நிலத்து மரத்தின் விலையைப் பெறுபவர் வேறொருவர். தேக்கங்கன்று தானே முளைத்தால் அதைப் பிடுங்கியெறிவது அவனுக்கு எளிது. வளரவிட்டாலோ நிழலும் தொல்லையும் அவனுக்கு, மரம் பிறருக்கு. இந்நிலையில் எந்தக் குடியானவன் நீர் ஊற்றுவான்? மரத்தைக் காக்க இயற்றிய விதியே மரத்துக்குப் பகையாயிற்று. பங்கில்லாதவன் காவல் காக்கமாட்டான் என்பதே இதிலிருந்து அறியத்தக்க பாடம்.

இனிக் காட்டை நம்பி மரத்தேவையை நிறைவேற்றுவதற்கில்லை, நம்புவதும் தகாது. இம்மலைக்காடுகள் இப்போது வனவிலங்குச் சரணாலயமாய் விளங்குகின்றன. மரத்தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மூலப்பொருளைக் குடியானவர்களிடமிருந்தே பெறுதல் வேண்டும் என்பது 1988-ம் வருஷத்துத் தேசிய வனக்கொள்கையின் கருத்து. தமிழ்நாட்டு வேளாண்மை இலாகாவும் 2021-ம் வருஷம் முதல் நிலங்களில் நடுவதற்கு மரக்கன்றுகள் வழங்கத் தொடங்கிற்று. எனவே முற்காலத்தில் கன்றைப் பிடுங்கிய கையே இன்று கன்றை நடவேண்டியதாயிற்று.

எனினும் நடும் இடத்தை அறிந்து நடுதல் அவசியம். தேக்கு நீர் தேங்கும் நிலத்தைப் பொறுக்காது. நஞ்சை வரப்பில் நட்டு, மரமும் கெட்டு, நிழலால் நெல்லும் கெட்டது எனக் குறை கூறுவதில் பயனில்லை. புரையிடத்து எல்லை, மேட்டுப்பாங்கான புஞ்சை, வடிகாலுள்ள செம்மண் ஆகியவையே தேக்குக்கு ஏற்றவை. ஈரப்பாங்கான ஓரங்களுக்குப் பூவரசு தகும். ஒரு வருஷம் நாற்றங்காலில் வளர்ந்த தேக்கங்கன்றின் வேரையும் தண்டையும் அளவாய்த் தறித்து, மழைக்காலத் தொடக்கத்தில் நடுவது தேர்ந்த முறை.

பலன் காணப் பல வருஷம் காத்திருக்க வேண்டுமே எனச் சிலர் தயங்குவர். அத்தயக்கம் நியாயமானதே. ஒருபோக நெல்லை நம்பிக் கடன் வாங்குபவன் தேக்கை நம்பிக் கடன் வாங்க முடியாது. ஆதலால் நெல்லையோ தென்னையையோ அகற்றிவிட்டுத் தேக்கு நடுமாறு எவரும் சொல்லார். வீணே கிடக்கும் ஓரங்களில் நட்டால், பெண்ணின் விவாகத்துக்கோ வீட்டின் கூரைக்கோ அது உதவும் என்பதே சொல்லத்தக்கது.

எஞ்சியது கிராம அதிகாரிகளின் கடமை. ஒரு மரத்தை வெட்டி எடுத்துச்செல்லும் அநுமதிக்காகத் தந்தை பலமுறை அலைவதைக் கண்ட மகன் மற்றொரு கன்று நடத் துணியான். இராஜ விருட்ச விதி செய்த தீங்கை இத்தாமதமும் செய்யும். கன்று நட்ட வருஷத்திலேயே அதன் இனத்தையும் எண்ணிக்கையையும் அடங்கலில் பதிந்துவிட்டால், வெட்டுங்காலத்தில் மரம் காட்டினதா பட்டாநிலத்தினதா என்னும் ஐயம் எழாது; களவு மரத்துக்கும் மறைவிடம் இராது. இதற்கு வேண்டுவது ஒரு வரி எழுத்தும் சிறிது ஊக்கமுமே. நட்டவனுக்கே மரம் உரியது என்பதை ஏட்டில் காட்டினால், அதனைக் காக்கும் பொறுப்பை அவனே ஏற்பான்.