பாங்கு இருந்த கட்டடம்

உங்கள் ஊரில் ‘பழைய பாங்கு’ என்று ஒரு கட்டடம் இருக்கிறதா? பாங்கு இடம் மாறி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். இப்போது அங்கே ஜவுளிக்கடையோ மருந்துக்கடையோ நடக்கும். ஆனாலும் வழி கேட்பவருக்கு ஊர்க்காரர் சொல்லும் அடையாளம், “பழைய பாங்குக்கு எதிர்ச் சந்து” என்பதுதான்.

உள்ளே போய்ப் பாருங்கள். ஓர் அறையின் சுவர் மட்டும் மற்றச் சுவர்களைவிடத் தடிப்பாக இருக்கும். ஜன்னல் இராது. இரும்புக் கதவு மாட்டியிருந்த தடம் தெரியும். பணப் பெட்டகம் இருந்த அறை அது! இடிக்கிற கூலியை நினைத்து வீட்டுக்காரர் அப்படியே விட்டிருப்பார். இன்று அதில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறது.

சுவர் நிற்கிறது, பாங்கு எங்கே? இந்தக் கேள்வி கன்னியாகுமரி ஜில்லாக்காரர்களுக்குப் புதிதல்ல. கடியப்பட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முட்டம், மறு பக்கம் மணவாளக்குறிச்சி, முன்னால் கடல். கடல் மாதச் சம்பளம் தருவதில்லை. ஒரு நாள் வலை கொள்ளாத மீன். பல நாள் வெறும் வலை. கிடைத்த நாளில் ஒதுக்கி வைத்தால்தான் கிடைக்காத நாளில் அடுப்பு எரியும். எங்கே ஒதுக்குவது? இதுதான் நூறு வருஷக் கேள்வி.

1949 வரை இந்தப் பகுதி திருவாங்கூர் ராஜ்யத்தோடு இருந்தது. பணம்கூட வேறு. 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் வேண்டுமானால் இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த ராஜ்யத்தில் பாங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. 1912-ல் கே. ஸி. மாம்மன் மாப்பிள்ளை திருவல்லாவில் திருவாங்கூர் நேஷனல் பாங்கை ஆரம்பித்தார். ‘மலையாள மனோரமா’ பத்திரிகையின் ஆசிரியரும் அவரே. கொல்லத்தில் ஸி. பி. மாத்தன் குயிலான் பாங்கை நடத்தினார். 1937-ல் இரண்டும் கைகோத்து ‘திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு’ ஆயிற்று. பெயரே ஒரு முழம்!

கல்யாணமான மறு வருஷமே சாவு. 1938-ல் வதந்தி கிளம்பியது. ஜனங்கள் பாஸ்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஜூன் மாதம் பாங்கு கதவைச் சாத்திவிட்டது. மாம்மன் மாப்பிள்ளையையும் மாத்தனையும் சென்னையில் கைது செய்து திருவாங்கூருக்குக் கொண்டுபோனார்கள். சிறைத் தண்டனையும் கிடைத்தது. திவான் ஸர் ஸி. பி. ராமஸ்வாமி அய்யரின் அரசியல் பகைதான் காரணம் என்று ஒரு கட்சி; நிர்வாகம் சரியில்லை என்று ஒரு கட்சி. வழக்கு இன்றும் பேச்சில் தீரவில்லை.

பகையோ கோளாறோ, ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கட்டும் பணத்தை எந்தப் பாங்கும் பெட்டகத்தில் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பெரும் பகுதியைக் கடனாகக் கொடுத்துவிடும். கையில் இருப்பது ஒரு பகுதிதான். பத்துப் பேர் வந்து கேட்டால் கொடுக்கலாம். ஊரே ஒரே நாளில் வந்து கேட்டால்? நல்ல பாங்கும் திணறிப்போகும். தடித்த சுவர் திருடனைத் தடுக்கும், வதந்தியைத் தடுக்காது.

அப்போது ரிசர்வ் பாங்கு மூன்று வயசுக் குழந்தை. 1935-ல்தான் பிறந்தது. மற்றப் பாங்குகளைக் கட்டி மேய்க்கும் விரிவான அதிகாரம் அதற்கு 1949-ம் வருஷச் சட்டத்தில்தான் வந்தது. அப்புறமும் விபத்து நிற்கவில்லை. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பெரிய பாங்கான பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. விழுந்த பாங்கின் சொத்தை விற்று, கடனை வசூலித்து, போட்டவர்களுக்குப் பங்கிட வருஷக்கணக்கில் ஆகும். கூலிக்காரன் அதுவரை என்ன செய்வான்?

இந்த இடிதான் சர்க்காரை உலுக்கியது. 1962 ஜனவரி 1-ம் தேதி முதல் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. அன்று உச்சவரம்பு 1,500 ரூபாய். படிப்படியாக உயர்ந்து, 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் ரூபாய். ஒருவருக்கு, ஒரு பாங்கில், அசலும் வட்டியும் சேர்த்து இந்தத் தொகை வரை காப்பு உண்டு. கூட்டுறவு பாங்குகளுக்கும் உண்டு. ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பு இல்லை. சீட்டுக்கும் இல்லை. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள்.

சாகாமல் பெயர் மட்டும் மாறிய பாங்குகளும் உண்டு. 1945-ல் திருவாங்கூர் சர்க்காரின் ஆதரவில் திருவாங்கூர் பாங்கு தோன்றியது. அப்போதும் திவான் அதே ஸர் ஸி. பி.தான்! 1960-ல் அது ‘ஸ்டேட் பாங்க் ஆப் திருவாங்கூர்’ ஆயிற்று. 1961-ல் கோட்டயம் ஓரியண்ட் பாங்கு போன்ற சிறிய பாங்குகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நம் ஜில்லாவில் ‘எஸ்.பி.டி.’ என்றால் குழந்தைக்கும் தெரியும். 2017 ஏப்ரல் 1-ம் தேதி அதுவும் பாரத ஸ்டேட் பாங்கில் கலந்தது. சின்ன மீனை விழுங்கிய பெரிய மீனை, அதைவிடப் பெரிய மீன் விழுங்கிற்று. கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ஒரே தெருவில் இரண்டு கிளை எதற்கு என்று பல இடங்களில் ஒன்றை மூடினார்கள். ‘பழைய பாங்கு’களின் எண்ணிக்கை கூடியது.

இங்கேதான் உங்களுக்கு ஒரு வேலை. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் எஸ்.பி.டி. பாஸ்புத்தகம் கிடந்தால், “அந்தப் பாங்குதான் போயிற்றே” என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பாரத ஸ்டேட் பாங்கு அதற்கு ஜவாப்தாரி. பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் பாங்கிலுள்ள தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் உரிமை போகாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழுடன் கிளைக்குப் போய்க் கேளுங்கள். கேட்பாரற்ற கணக்குகளைத் தேட ‘உத்கம்’ என்ற இணையதளத்தையும் 2023-ல் ரிசர்வ் பாங்கு திறந்திருக்கிறது. படித்த பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால் தேடிச் சொல்வார்கள்.

மீன் கூடை சுமந்து சேர்த்த இருநூறு ரூபாயாக இருக்கலாம். சின்னத் தொகைதான். ஆனால் அதைக் கட்டிய கைக்கு அது சின்னத் தொகை அல்லவே! இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.